டீவோ: கென்ட் துப்பாக்கிச் சூட்டிலிருந்து சிவப்புத் தொப்பி வரை

அமெரிக்க ராக் இசை வரலாற்று நூல்களில் டீவோ என்ற இசைக்குழுவுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு பத்தியைத் தாண்டுவதில்லை. படிக்கட்டுக் கோபுரம் போன்ற சிவப்புப் பிளாஸ்டிக் தொப்பி, மஞ்சள் நிறப் பாதுகாப்பு உடை, இயந்திரப் பொம்மைகளைப் போன்ற அசைவு, 1980இல் வானொலிகளில் ஓயாது ஒலித்த 'விப் இட்' என்ற பாடல்: இவ்வளவோடு அந்தப் பத்தி முடிந்துவிடும். கோமாளித்தனத்தால் பிழைத்த விநோதக் குழு என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடும். அக்குழு உருவான நகரத்தையும் பல்கலைக்கழகத்தையும் ஆண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் இத்தீர்ப்பு நிற்காது.

1970ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று, வியட்நாம் போரைக் கம்போடியாவுக்குள்ளும் கொண்டுசெல்லும் முடிவை அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் அறிவித்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கொந்தளித்தன. ஒஹையோ மாநிலத்தின் கென்ட் அரசுப் பல்கலைக்கழகம் அதுவரை போராட்டக் களமாகப் பெரிதும் அறியப்பட்டதன்று. தொழிலாளர் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் மிகுதியாகப் பயின்ற இடம் அது. மே 2 இரவில் வளாகத்திலிருந்த படைப்பயிற்சிக் கட்டடம் எரிந்தது. ஆளுநர் ஜேம்ஸ் ரோட்ஸ் காலத்தில் அம்மாநிலத்தின் தேசியக் காவல்படை வளாகத்துக்குள் நின்றது. மே 4 நண்பகல் கடந்த சிறிது நேரத்தில், 13 விநாடிகளுக்குள் 60க்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன. ஜெஃப்ரி மில்லர், ஆலிசன் க்ராஸ், சாண்ட்ரா ஷாயர், வில்லியம் ஷ்ரோடர் ஆகிய நான்கு மாணவர்கள் இறந்தனர். ஒன்பது பேர் காயமுற்றனர். அவர்களுள் ஒருவர் வாழ்நாள் முழுவதும் நடக்க இயலாதவரானார். இறந்த நால்வருள் ஷாயரும் ஷ்ரோடரும் போராட்டத்தில் பங்கேற்றவர்களல்லர். ஷாயர் வகுப்புக்குச் சென்றுகொண்டிருந்தார். ஷ்ரோடரோ படைப்பயிற்சித் திட்டத்திலேயே சேர்ந்திருந்த மாணவர். இருவரும் காவல்படையினர் நின்ற இடத்திலிருந்து நூறு மீட்டருக்கும் அப்பால் இருந்தனர்.

அன்று அவ்வளாகத்தில் இருந்தவர்களுள் ஒருவர் ஜெரால்ட் கசாலி என்ற ஓவியத்துறை மாணவர். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு உதவும் பணியில் முன்பு இருந்தமையால் மில்லரையும் க்ராஸையும் அவருக்கு நேரிலே தெரியும். அன்றைய காட்சிதான் தம்மை முற்றிலும் வேறு மனிதராக்கியது என்று பின்னாளில் பல நேர்காணல்களில் அவர் கூறியுள்ளார். அதற்கு அடுத்து நிகழ்ந்தவையும் கருதத்தக்கவை. துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் எடுக்கப்பட்ட காலப் கருத்துக்கணிப்பொன்றில், மாணவர்களே காரணம் என்றோர் 58 விழுக்காட்டினர். காவல்படையே காரணம் என்றோர் 11 விழுக்காட்டினர் மட்டுமே. காவல்படையினர் எட்டுப் பேர் மீது தொடுக்கப்பட்ட குற்ற வழக்கு 1974இல் தள்ளுபடியானது. 1979இல்தான் உரிமையியல் வழக்கு 6,75,000 டாலர் இழப்பீட்டோடும், வருத்தம் தெரிவிக்கும் ஓர் அறிக்கையோடும் முடிவுற்றது.

ஆக, கசாலியின் தலைமுறை அந்த வளாகத்தில் கற்றது இருவகைப் பாடம். நேருக்கு நேர் நின்று எதிர்த்தால் சுடுவார்கள் என்பது ஒன்று. சுட்டபின் நாட்டின் பெரும்பான்மை சுட்டவர் பக்கமே நிற்கும் என்பது மற்றொன்று. டீவோவின் கலையை வடிவமைத்ததில் இரண்டாம் பாடத்தின் பங்கே பெரிது. அரசு தீயது, மக்கள் நல்லவர்கள் என்பது அறுபதுகளின் எதிர்ப்புப் பாடல்களுக்கு அடித்தளமாக இருந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை இக்குழுவின் பாடல்களில் ஒருபோதும் தலைகாட்டுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. துப்பாக்கிச் சூட்டிலிருந்து டீவோ பிறந்தது என்ற கதை மிகவும் நேர்த்தியானது. அந்த நேர்த்தியே ஐயத்துக்குரியது. மனித இனம் முன்னேறவில்லை, பின்னோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது என்ற எண்ணத்தைக் கசாலியும் அவர் நண்பர் பாப் லூயிஸும் 1970க்கு முன்னரே வேடிக்கையாகப் பேசிவந்தனர். வேடிக்கையைத் துப்பாக்கிச் சூடு படைக்கவில்லை. அதை வேடிக்கையாக மட்டும் வைத்திருக்க முடியாத நிலையைத்தான் அது உருவாக்கியது. அச்சிந்தனையின் முதல் உரிமை யாருக்கு என்பது பின்னாளில் நீதிமன்ற வழக்காகவே மாறி, லூயிஸுக்கும் குழுவினருக்குமிடையே சமரசத்தில் முடிந்தது. தோற்றக் கதைகளை ஒரே நிகழ்வில், ஒரே மனிதரில் கொண்டுபோய் நிறுத்தும் பழக்கத்துக்கு இந்த வழக்கு நல்ல மறுப்பு.

குழுவின் பெயர் அச்சிந்தனையின் சுருக்கமே. பரிணாமத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முன் ஒரு எதிர்மறை ஒட்டைச் சேர்த்து, கிடைத்ததை நான்கு எழுத்தாக வெட்டினால் டீவோ. தமிழில் இதைப் 'பின்பரிணாமம்' எனலாம். 'சீரழிவு' என்று பெயர்த்தால் பொருள் திரிந்துவிடும். சீரழிவுக்கு முன்னொரு சீர் இருந்திருக்க வேண்டுமல்லவா? டீவோவின் கூற்றில் அப்படியொரு பொற்காலம் எங்குமில்லை.

இச்சிந்தனைக்கு அவர்கள் திரட்டிய சான்றுகள் கல்விப்புலத்துக்கு உவப்பானவையல்ல. பி. எச். ஷாடக் என்பவர் 1924இல் வெளியிட்ட பரிணாம எதிர்ப்புச் சமயத் துண்டுநூல் அவற்றுள் ஒன்று. பரிணாமத்தைக் கற்பித்ததற்காக டென்னசியில் ஓர் ஆசிரியர் விசாரிக்கப்பட்ட புகழ்பெற்ற ஸ்கோப்ஸ் வழக்குக்கு ஓராண்டு முந்தியது அது. 'ஜாக்கோ ஹோமோ' என்ற பாடலின் தலைப்பு அந்நூலின் தலைப்பிலிருந்து வந்ததே. மூளையைத் தின்ற குரங்குகளிலிருந்து மனிதன் தோன்றினான் என்று வாதிட்ட ஆஸ்கர் கிஸ் மேர்த்தின் எழுபதுகளின் நூல் மற்றொன்று. எச். ஜி. வெல்ஸின் மருத்துவர் மோரோ நாவலை ஒட்டி 1932இல் வந்த திரைப்படத்தில், விலங்கு மனிதர்கள் தாங்கள் மனிதர்களே என்று ஓதும் காட்சி மூன்றாவது. போலி அறிவியல், சமயப் பிரச்சாரம், மலிவுத் திகில் படம் ஆகிய மூன்றையும் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்துத் தத்துவம்போல் அடுக்கியதே ஓர் அங்கதச் செயல். முன்னேற்றம் என்ற தேசிய மந்திரத்துக்கு அதன் குப்பைக்கூடையிலிருந்தே பதில் சொன்னார்கள் எனலாம்.

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. மனித இனம் சீர்கெடுகிறது என்ற கூற்றுக்கு ஐரோப்பாவில் நீண்ட, அருவருப்பான முன்வரலாறு உண்டு. 1892இல் மாக்ஸ் நோர்டாவின் நூல் வெளிவந்த காலத்திலிருந்து அச்சொல்லாடல் 'நாம்' சரிவதற்கு 'அவர்கள்' காரணம் என்ற வகையிலேயே பெரிதும் இயங்கியது. இனமேம்பாட்டுக் கொள்கைக்கும் உரமூட்டியது. டீவோ அதிலிருந்து விலகுவது ஓரிடத்தில்தான்: பின்னோக்கிச் செல்வோர் பட்டியலில் முதற்பெயராகத் தங்களையே எழுதிக்கொண்டார்கள். முதல் இசைத்தட்டுத் தொகுப்பின் நீண்ட தலைப்பே கேள்வியும் பதிலுமாக அமைந்து, 'நாங்கள் டீவோ' என்று முடிகிறது. இந்தத் தன்னிணைப்பு எல்லா இடங்களிலும் அவர்களைக் காப்பாற்றிவிடவில்லை. 1977இல் வெளிவந்த அவர்களுடைய முதல் தனி இசைத்தட்டில் 'ஜாக்கோ ஹோமோ'வுடன் இடம்பெற்ற பாடல், டவுன் நோய்க்குறி உடையோரைக் குறிக்கும் பழைய இழிசொல்லையே தலைப்பாகக் கொண்டது. அவ்வாறான ஒருவர் வேலைக்குச் செல்கிறார், சம்பாதிக்கிறார், அவருக்கும் பிறருக்கும் வேறுபாடே யாருக்கும் தெரியவில்லை என்பதே அப்பாடலின் பொருள். கேலியின் இலக்கு வேலைக்குச் செல்லும் 'இயல்பான' சமூகம் என்று வாதிடலாம். எனினும் அந்தக் கேலிக்குக் கருவியாக்கப்பட்டவர்களின் ஒப்புதல் யாராலும் கேட்கப்படவில்லை.

இனி நகரத்துக்கு வருவோம். கென்ட்டை அடுத்துள்ள ஆக்ரன், உலகின் ரப்பர் தலைநகர் எனப் புகழ்பெற்றிருந்த ஊர். 1870இல் குட்ரிச் அங்கே வந்தார். 1898இல் குட்இயர், 1900இல் ஃபயர்ஸ்டோன். அமெரிக்கா காரில் ஏறிய நூற்றாண்டில் அக்கார்களின் சக்கரங்களைச் சுழலவைத்தது ஆக்ரன். குழுவினர் வளர்ந்த காலத்தில் இக்கதை முடிவை நெருங்கியிருந்தது. ரேடியல் டயர்கள் வந்தன. தொழிற்சங்கங்கள் வலுவற்ற தென்மாநிலங்களுக்கு ஆலைகள் நகர்ந்தன. 1976இல் ரப்பர் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. 1960இல் ஏறத்தாழ 2.9 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1980இல் சுமார் 2.37 இலட்சமாகக் குறைந்தது. பின்பரிணாமம் என்ற சொல் ஆக்ரன்வாசிகளுக்குத் தத்துவமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. சன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி அது. 1978இல் லண்டனின் ஸ்டிஃப் நிறுவனம் ஆக்ரன் குழுக்களின் தொகுப்பொன்றை வெளியிட்டபோது, சுரண்டினால் ரப்பர் மணக்கும் உறையைப் போட்டு விற்றது. ஒரு நகரத்தின் அழிவு விற்பனை உத்தியாவது எவ்வளவு எளிது!

ஓவியத்துறையில் அச்சுக்கலை பயின்ற மார்க் மதர்ஸ்பா இக்குழுவின் இரண்டாம் தூண். நிலவில் நிற்கும் விண்வெளி வீரர்கள் உருளைக்கிழங்கை ஏந்தியிருக்கும் அவருடைய ஒட்டுப்படங்களைக் கண்டே கசாலி அவரைத் தேடிச் சென்றார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. 1973இல் பல்கலைக்கழகக் கலைவிழாவில் முதன்முதலாக மேடையேறியவர்கள், பின்னர் இரண்டு குடும்பங்களின் குழுவாகவே நிலைபெற்றார்கள்: ஜெரால்ட், பாப் என்ற கசாலி சகோதரர்கள், மார்க், பாப் என்ற மதர்ஸ்பா சகோதரர்கள். 1976 முதல் தாளத்துக்கு ஆலன் மையர்ஸ். முன்பு தாளம் வாசித்த மற்றொரு மதர்ஸ்பா சகோதரரான ஜிம், தாமே உருவாக்கிய மின்னணு முரசுகளைக் கொண்டே வாசித்தார். இரண்டு பாப்களையும் முதலாம் பாப், இரண்டாம் பாப் என்று எண்ணிட்டு அழைத்தது தொழிற்சாலை வருகைப் பதிவேட்டை நினைவூட்டும்.

இசைக்கருவியின் தேர்வில் இக்குழுவின் வரலாற்று முக்கியத்துவம் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1970இல் வெளிவந்த மினிமூக், அதுவரை அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த சிந்தசைசரை மேடைக்குத் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருக்கியது. ஆனால் எழுபதுகளின் பெருங்குழுக்கள் அக்கருவியைச் செவ்வியல் இசையின் பிரம்மாண்டத்துக்கே பயன்படுத்தின: நீண்ட தனியாவர்த்தனம், திறமைக் காட்சி. இதற்கு எதிராக எழுந்த பங்க் இயக்கமோ கீபோர்டையே ஐயுற்றது. மூன்று சுரக்கோவையும் ஒரு மின்கிட்டாரும் போதும் என்றது. இந்த இரண்டுக்குமிடையே ஒரு குறுகிய சந்து இருந்தது. நியூயார்க்கில் ஆலன் வேகாவும் மார்ட்டின் ரெவும் அமைத்த சூயிசைட் என்ற இருவர் குழு அதில் நடந்தது. கிட்டாரே இல்லாமல் கீபோர்டுகளால் மட்டும் பங்க் வாசித்த லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்க்ரீமர்ஸ் குழுவும் நடந்தது. தங்கள் காலத்தில் ஓர் இசைத்தட்டுத் தொகுப்பைக்கூட வெளியிடாமலே அது கலைந்தும் போனது. டீவோவும் அதே சந்தின் வழியாக வந்தவர்களே. ஆனால் அவர்கள் கிட்டாரை விலக்கவில்லை, கிட்டாரையே இயந்திரமாக்கினார்கள். கீபோர்டிலிருந்து இன்னிசையைக் காட்டிலும் கருவி கெட்டுப்போனதைப் போன்ற கீச்சொலிகளையும் சைரன் போன்ற ஏற்ற இறக்கங்களையும் மதர்ஸ்பா வரவழைத்தார். 'ஜாக்கோ ஹோமோ' ஏழு எண்ணிக்கையில் நடப்பது. கால் தாளம் போட முயன்றவுடன் ஒரு தட்டு குறைந்து இடறும். ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாடலை அவர்கள் மறுபடி செய்தபோது, உலகமறிந்த அந்தக் கிட்டார் வரியை அடியோடு நீக்கிவிட்டு, தாளத்தை முறித்து முறித்து அடுக்கினார்கள். ஆசை நிறைவேறாத இளைஞனின் ஆண்மைச் செருக்கு அங்கே பழுதடைந்த எந்திரத்தின் விக்கலாகிறது. அசலை இப்படி உள்ளிருந்தே குலைத்த மறுஆக்கங்கள் ராக் இசையில் மிகச் சில.

தொடக்கத்தில் இதை யாரும் விரும்பவில்லை. 1975 அக்டோபர் 31 அன்று கிளீவ்லாந்தில் ஜாஸ் மேதை சன் ராவுக்கு முன் வாசித்தபோது அவையோரின் வெறுப்பே கிடைத்தது. 1976இல் சக் ஸ்டாட்லர் இயக்கிய பத்து நிமிடத்துக்கும் குறைவான குறும்படம்தான் வழியைத் திறந்தது. அது மறு ஆண்டு ஆன் ஆர்பர் திரைவிழாவில் பரிசு பெற்றது. இசைத் தொலைக்காட்சி தோன்றுவதற்கு ஐந்தாண்டு முன்னரே, பாடலுக்குப் படமெடுப்பது விளம்பரமன்று, அதுவே படைப்பு என்று கருதி எடுக்கப்பட்ட படம் அது. அதில் ஜெனரல் பாய் என்ற இராணுவ அதிகாரியாக நடித்தவர் மதர்ஸ்பா சகோதரர்களின் தந்தை. காவல்படை நுழைந்த வளாகத்தில் பயின்ற பிள்ளைகள், தம் தந்தைக்கே சீருடை அணிவித்து, பின்பரிணாமத்தின் உண்மையை உலகுக்கு அறிவிக்கும்படி ஆணையிடச் செய்கிறார்கள். கென்ட் என்ற சொல்லோ மே 4 என்ற தேதியோ அங்கே உச்சரிக்கப்படுவதில்லை.

நீல் யங் நேரெதிர் வழியில் சென்றவர். துப்பாக்கிச் சூடு நடந்த சில வாரங்களிலேயே 'ஒஹையோ' என்ற பாடலை எழுதி, அதிபரின் பெயரைச் சொல்லியே குற்றம் சாட்டினார். அதே நீல் யங் பின்னாளில் டீவோவை விரும்பி, தம் 'ஹ்யூமன் ஹைவே' திரைப்படத்தில் அணுக்கழிவு அள்ளும் தொழிலாளர்களாக அவர்களை நடிக்கவைத்தார். துரு உறங்குவதில்லை என்ற பொருள்படும் அவருடைய புகழ்பெற்ற தொகுப்பின் தலைப்பும் டீவோவிடமிருந்து அவருக்குக் கிடைத்ததே; துருத்தடுப்பு வண்ணப்பூச்சு விளம்பரத்தை நினைவில் வைத்திருந்த ஆக்ரன்காரர்களுக்கு அது இயல்பாக வந்த தொடர். கென்ட் நிகழ்வைத் தொலைவிலிருந்து பாடியவர் நேரடியாகப் பாடினார். அங்கே நின்றிருந்தவர் முகமூடி அணிந்தே பேசினார் என்பது எண்ணத்தக்கது.

டேவிட் போவி 1977இல் நியூயார்க் மேடையொன்றில் அவர்களை எதிர்காலத்தின் குழு என்று அறிமுகப்படுத்தினார். பிரையன் ஈனோ தம் சொந்தச் செலவில் கொலோன் அருகிலிருந்த கோனி பிளாங்கின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துச் சென்று முதல் தொகுப்பைத் தயாரித்தார். ஈனோ சேர்க்க விரும்பிய ஒலிகளுள் பெரும்பாலானவற்றைக் குழுவினர் பிடிவாதமாக மறுத்தனர். 1978இல் தொகுப்பு வெளிவந்தது. 1980இல் 'விப் இட்' பில்போர்டு பட்டியலில் 14ஆம் இடம் பெற்றது.

சிக்கல் தொடங்கியதும் அப்போதே. முயன்றால் முடியும், அடித்து முன்னேறு என்ற அமெரிக்கத் தன்னம்பிக்கை முழக்கங்களைப் பகடி செய்து கசாலி அப்பாடலின் சொற்களை எழுதினார். தாமஸ் பிஞ்சனின் நாவலிலுள்ள பகடிக் கவிதைகள் அதற்குத் தூண்டுதல். கேட்ட மக்களுள் பலர் அதைப் பாலியல் குறும்பாகவே புரிந்துகொண்டனர். குழுவினர் மறுக்கவில்லை. பண்ணையொன்றில் சாட்டையால் பெண்ணின் உடையைக் களையும் படத்தை எடுத்து, அந்தத் தவறான புரிதலுக்கே தீனி போட்டார்கள். ரேகன் காலத்து ஆண்மைக் கனவைக் கேலி செய்வதாக அப்படம் கருதப்பட்டாலும், அக்கனவையே இன்பமாக நுகரவும் அதில் தடையில்லை. எதிரியின் சீருடையை அணிந்து எதிரியைக் கேலி செய்யும் உத்தியின் எல்லை இதுதான்: தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சீருடை மட்டுமே தெரியும். 1981 ஆகஸ்டில் எம்டிவி தொடங்கியபோது ஒளிபரப்பப் போதிய படங்கள் அதனிடம் இல்லை, டீவோவிடம் இருந்தன. சில ஆண்டுகளுக்குள் எல்லாக் குழுக்களும் படமெடுக்கத் தொடங்கியதும் முன்னோடிகள் தேவையற்றவர்களானார்கள். 1984இன் 'ஷவுட்' தொகுப்பு தோல்வியுற்றது. வார்னர் நிறுவனம் கைவிட்டது.

அதன்பின் மதர்ஸ்பா தொலைக்காட்சித் தொடர்களுக்கும் திரைப்படங்களுக்கும் இசையமைப்பாளரானார். 'ரக்ராட்ஸ்' குழந்தைத் தொடரின் இசையும், வெஸ் ஆண்டர்சனின் தொடக்ககாலப் படங்களின் இசையும் அவருடையவை. விளம்பரங்களுக்கு இசையமைத்தபோது, காதுக்கு எட்டாத அளவில் எதிர்ப்பு வாசகங்களை உள்ளே புதைத்து அனுப்பியதாக அவர் நேர்காணல்களில் கூறியதுண்டு. எவருக்கும் கேட்காத எதிர்ப்பை எதிர்ப்பு என்று எண்ணலாமா என்ற கேள்வியை அவர் சிரித்தே கடக்கிறார். ஆய்வாளருக்கு அந்த வசதி இல்லை. 2006இல் டிஸ்னி நிறுவனம் டீவோவின் பாடல்களைச் சிறுவர்களைக் கொண்டு மறுபடி பதிவு செய்தது. குழந்தைகளுக்கு ஏற்றவையல்ல என்று கருதப்பட்ட வரிகள் மாற்றப்பட்டன. உலகம் அழகானது என்று அடுக்கிக்கொண்டே வந்து, இறுதியில் அந்த அழகு பாடுபவருக்கு உரியதன்று என்று திரும்பும் பாடல் அவற்றுள் ஒன்று. டிஸ்னி பதிப்பில் அந்தத் திருப்பம் இல்லை. உலகம் கடைசிவரை அழகாகவே இருக்கிறது. இப்பதிவுக்குக் குழுவினரே துணைநின்றார்கள் என்பதையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

மையர்ஸ் 2013இலும் பாப் கசாலி 2014இலும் மறைந்தனர். மற்றவர்கள் இன்னும் மேடையேறுகின்றனர். அரங்கில் முதியோரும் அவர்தம் பேரப்பிள்ளைகளும் சிவப்புத் தொப்பி அணிந்து நிற்கின்றனர். கென்ட் வளாகத்தில், நான்கு மாணவர்கள் விழுந்த நான்கு இடங்களும் வாகன நிறுத்துமிடமொன்றில் உள்ளன. 1999இல்தான் அவ்விடங்கள் சிறு விளக்குத் தூண்களால் சூழப்பட்டன. அதுவரை அங்கே கார்கள் நிறுத்தப்பட்டு வந்தன.